பிரெஞ்சுக் கனடியரின் கொடிவழி தேடுவது எப்படி: பெயரை விடுங்கள், தம்பதியைப் பிடியுங்கள்

கியூபெக்கில் மிக அதிகம் பேர் தாங்கும் குடும்பப் பெயர் திராம்ப்ளே. அவர்களில் ஏறத்தாழ எல்லோரும், 1657இல் கியூபெக் நகரில் மணம் முடித்த பியேர் திராம்ப்ளே, ஓசான் அஷோன் என்ற ஒரே தம்பதியின் வழிவந்தவர்கள். இதைக் கேட்டுவிட்டுத் தேடலில் இறங்குபவர், பெயர் ஒன்றென்றால் வம்சமும் ஒன்று என்று கணக்குப் போட்டுவிடுவார். ருவா என்ற பெயருக்கு வந்ததும் அந்தக் கணக்கு தகர்ந்துவிடும். ருவா என்றால் அரசன். அந்தப் பெயரோடு பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பலர், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள். அவர்களில் ஒருவரான அந்துவான் ருவாவுக்கு தேஜார்தேன் என்று இன்னொரு பெயரும் உண்டு. அவருடைய ஒரே மகனின் வழியில் இன்று ருவாக்களும் இருக்கிறார்கள், தேஜார்தேன்களும் இருக்கிறார்கள்.

எனவே குடும்பப் பெயரைத் துரத்திக்கொண்டு போனால் வழி தவறும். இங்கே ஏறுவதற்குரிய ஏணி திருமணப் பதிவு. ஒரு திருமணத்திலிருந்து அதற்கு முந்தைய தலைமுறைத் திருமணத்துக்கு, அங்கிருந்து அதற்கும் முந்தையதற்கு. ஒன்பது, பத்துப் படி ஏறினால் பெரும்பாலான குடும்பங்களில் 1600களின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம்.

இது எப்படிச் சாத்தியமாகிறது

பிரெஞ்சு ஆட்சியில் பங்குக் கோயிலின் பதிவேடுதான் அரசாங்கப் பதிவேடும். (பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்.) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குத்தந்தை எழுதுவார். 1667ஆம் ஆண்டு அரசாணை இரண்டு பிரதி எழுதச் சொன்னது. ஒன்று கோயிலில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போகும். 1760இல் ஆங்கிலேயர் கைக்கு நாடு போன பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 1994இல்தான் குடிமைப் பதிவு முழுவதும் அரசின் கைக்கு வந்தது. கோயில் தீப்பிடித்து ஏடு எரிந்திருந்தாலும் நீதிமன்றப் பிரதி தப்பியிருக்கக்கூடும் என்பதால், ‘பதிவேடு எரிந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். இரட்டைப் பிரதி வழக்கத்துக்கு முன், 1640இல் கியூபெக் நகரக் கோயில் எரிந்தபோது அங்கிருந்த ஏடுகளும் போயின. அவற்றைக்கூட மக்களின் நினைவிலிருந்து திரும்ப எழுதிவைத்தார்கள்.

முதல் படி: கிளம்பும் இடம்

1940களுக்கு முன் நடந்த ஒரு திருமணத்தைப் பிடிப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிந்திய பதிவுகள் தனியுரிமை விதிகளால் பெரும்பாலும் மூடியிருக்கும், அந்த இடைவெளியைக் குடும்பத்தார்தான் நிரப்ப வேண்டும். வீட்டில் கேட்க வேண்டியவை மூன்று: தாத்தாவின் பெயர், பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர், அவர்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஊர் தெரிந்தால் மட்டும் போதாது. மொன்றியலில் எத்தனையோ பங்குகள் உண்டு. இரங்கல் அறிவிப்புகள், அடக்கத்தன்று கொடுக்கும் நினைவுச் சீட்டுகள், கல்லறைக் கல் எல்லாம் உதவும். கணவன் பெயருக்குக் கீழே மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைப் பொறிப்பது கியூபெக் கல்லறைகளில் சாதாரணம்.

துருவேன் நிறுவனம் 1940களில் நீதிமன்றப் பிரதிகளை நுண்படமாக எடுத்து வைத்தது. இன்று கட்டணத் தளங்களில் கிடைக்கும் ‘துருவேன் தொகுப்பு’ அதுதான். 1621 தொடங்கி 1940கள் வரையிலும், சில பங்குகளுக்கு 1960கள் வரையிலும் உண்டு. ஃபேமிலிசெர்ச் தளத்தில் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். கியூபெக் தேசிய நூலக ஆவணக்காப்பகமும் நிறைய இலவசமாகத் தருகிறது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம், பழைய கத்தோலிக்கப் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் கொடுக்கும் காசுக்கு மதிப்பு அங்கேதான் அதிகம்.

திருமணப் பதிவை வாசிப்பது

நாள், மாதம், ஆண்டு எல்லாம் எழுத்தால் எழுதியிருக்கும். பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்த விவரம். அதன்பின் மணமகன், அவன் தொழில், பங்கு, ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன்’ என்ற வரி. அதே வரிசையில் மணமகள். கடைசியில் சாட்சிகள், கையெழுத்து போடத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்ற குறிப்பு. இரு பக்கப் பெற்றோர் நால்வரின் பெயரும் ஒரே பக்கத்தில் கிடைப்பதால்தான் இந்த ஏணி இவ்வளவு உறுதியாக நிற்கிறது. தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும், இது முக்கியம்.

பெற்றோர் பெயருக்கு முன் ‘ஃபூ’ என்ற சின்னச் சொல் நின்றால், பெண்ணுக்கு ‘ஃபூ’வோடு ஓர் எழுத்து கூடி நின்றால், அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். இறப்புத் தேதி தேடுபவருக்கு இது ஓர் எல்லைக்கோடு. ‘மஜர்’ என்றால் வயது வந்தவர். பிரெஞ்சு ஆட்சியில் அந்த வயது 25, பிறகு 21. ‘மினர்’ என்றிருந்தால் மணமகனுக்கு 20 வயதுதான் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். 1740இல் 24 வயதுக்காரரும் மினர்தான்.

இங்கே எல்லோரும் இடறும் கல் ஒன்று உண்டு. மணமகனோ மணமகளோ துணையை இழந்தவராயிருந்தால், பதிவு பெரும்பாலும் பெற்றோரைச் சொல்லாது. ‘இன்னாரின் விதவை’, ‘இன்னாரின் தாரமிழந்தவர்’ என்று முடித்துவிடும். அப்படியானால் முதல் திருமணத்துக்குப் போக வேண்டும். அதைத் தேடாமல், அதே பெயரில் அந்தப் பக்கத்தில் பிறந்த யாரோ ஒரு குழந்தையைப் பிடித்து ஒட்டவைத்துவிடுவதுதான் இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் திரும்பத் திரும்பக் காணும் பிழை.

அடுத்த படிக்கு ஏறும்போது, பெற்றோரின் மூத்த குழந்தை ஞானஸ்நானம் பெற்ற ஆண்டைக் கண்டுபிடித்து, அதற்கு ஓரிரு ஆண்டு முன்னால் தேடுங்கள். திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும், எனவே மணமகனின் ஊரில் கிடைக்கவில்லை என்றால் பெண் வீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் திருமணம் அரிது. ஜனவரி, பிப்ரவரி, நவம்பர் மாதப் பக்கங்களை முதலில் புரட்டினால் நேரம் மிச்சம்.

தேதியில் ஒரு பொறி. 7 என்ற எண்ணை எழுதிப் பக்கத்தில் ‘ப்ர்’ என்று சுருக்கியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்தம் என்றால் ஏழு. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது ரோம எண் பத்து டிசம்பர். இது தெரியாமல் குழந்தை பிறப்பதற்கு முன்பே தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டவர்கள் உண்டு.

‘என்கிற’ பெயர்கள்

நம்மூர்ப் பத்திரங்களில் ‘முருகன் என்கிற சுப்பிரமணி’ என்று எழுதுவோமே, அந்த ‘என்கிற’தான் பிரெஞ்சில் ‘தி’. எழுதும்போது மூன்றெழுத்து, கடைசி எழுத்து ஒலிக்காது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே அது ஆளோடு போய்விடும், அங்கே பிள்ளைகளுக்கும் இறங்கும்.

இதற்குப் பெரிய ஊற்று படை. 1665இல் கரின்யான் சாலியேர் படைப்பிரிவு ஏறத்தாழ 1,200 வீரர்களோடு வந்தது. சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் படைவீரர்களுக்குப் போர்ப்பெயர் இருப்பது வழக்கம்: லாஃப்ளர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையற்றவன், லாழனெஸ் என்றால் இளமை, திரான்ஷ்மொன்தாங் என்றால் மலையைப் பிளப்பவன். வேறு சில பிறந்த மாகாணத்தைச் சொல்லும். லான்ஜ்வேன் என்றால் ஆன்ஜூக்காரர், பிக்கார் என்றால் பிக்கார்தியர். நிலத்தின் பெயர், தாயின் குடும்பப் பெயர், உருவம் பற்றிய கேலி என்று இன்னும் பல வகை. ஒரே குடும்பப் பெயருள்ள அண்ணன் தம்பிகளின் வாரிசுகளைப் பிரித்துக் காட்டவும் இது உதவியது.

சிக்கல் என்னவென்றால், எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்து எழுதலாம், முதலாவதை மட்டும் எழுதலாம், இரண்டாவதை மட்டும் எழுதலாம், மாற்றிப்போட்டும் எழுதலாம். உதோன் தி போலியு குடும்பத்தில் ஒருவரின் ஞானஸ்நானம் உதோனாக, திருமணம் போலியுவாக, அடக்கம் இரண்டும் சேர்த்து என்று இருந்தால் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் ஒவ்வொரு வீடும் ஏதோ ஒன்றில் நிலைத்தது. உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொன்றில் நிலைத்ததும் உண்டு. ஒலியை வைத்துத் தேடும் கணினி முறை இதில் கைகொடுக்காது, ஏனெனில் உதோனுக்கும் போலியுவுக்கும் ஒலியில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு குடும்பத்தைத் தொடங்கும்போதே அதன் மாற்றுப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அருட்தந்தை சிப்ரியேன் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட கொடிவழி அகராதியில் இத்தகைய பெயர்களின் பட்டியல் உண்டு. பிழைகள் உள்ள நூல், ஆனால் பட்டியலுக்கு இன்றும் நல்லது. 1730 வரையிலான குடும்பங்களுக்கு 1983இல் வந்த ரெனே ஜெத்தேயின் அகராதியை நம்பலாம். அதன்பிறகும் கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, கணவன் மனைவி இருவரின் முதற்பெயர்களையும் மனைவியின் குடும்பப் பெயரையும் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஒரு பங்கில் ‘பியேர் + மரி-ழெனவியேவ் கோபெய்’ என்று எத்தனை தம்பதிகள் இருந்துவிட முடியும்?

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். லாஃப்ளர் என்ற போர்ப்பெயர் எத்தனையோ படைவீரர்களுக்கு இருந்தது. இரண்டு லாஃப்ளர்களைக் கண்டு ஒரே வம்சம் என்று முடிச்சுப் போடாதீர்கள்.

பெயர் மாற்றத்தின் உச்சம் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரூவாக்கின் முன்னோர் ஒருவரின் கதை. அந்த முன்னோருக்கு 1732இல் காப்-சான்-இன்யாஸ் ஊரில் திருமணம், 1736இல் கமுராஸ்காவில் அடக்கம். இடையில் பதிவுக்குப் பதிவு பெயர் வேறு. அவர் பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலுள்ள உவெல்குவாவைச் சேர்ந்த, அரச நோட்டரி ஒருவரின் மகன் உர்பேன்-பிரான்சுவா லபியான் என்று 20ஆம் நூற்றாண்டின் முடிவில்தான் தெரிந்தது.

எழுத்துக்கூட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பங்குத்தந்தை காதில் விழுந்ததை எழுதினார். ‘ஓ’ என்று முடியும் ஒலியை நாலைந்து விதமாக எழுத பிரெஞ்சு மொழி இடம் கொடுக்கிறது. முதலெழுத்தான ‘ஹ’ ஒலிக்காது, அதனால் அட்டவணையில் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். ‘ல’ என்ற முன்னொட்டு வரும், போகும்: ருவா, லருவா இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம்.

முதற்பெயர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20இன் முற்பகுதியிலும் ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண் குழந்தைக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது ஏறக்குறைய விதி. அடுத்து ஞானத்தந்தை அல்லது ஞானத்தாயின் பெயர். கடைசியில் வருவதுதான் வீட்டில் கூப்பிடும் பெயர். ஞானஸ்நான ஏட்டில் ‘ஜோசப் லூயி எதுவார்’ என்றிருப்பவர் வாழ்நாள் முழுக்க எதுவார்தான், ஜோசப் என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால் அட்டவணையில் கடைசிப் பெயரைத் தேடுங்கள். ஜான்-பப்தீஸ்த் மட்டும் விதிவிலக்கு, அது பிரிக்க முடியாத ஒரே பெயர்.

குழந்தை இறந்துபோனால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். உங்களுக்குக் கிடைத்த பியேர் மூன்று மாதத்தில் இறந்த பியேராக இருக்கலாம், அதனால் அடக்க ஏட்டையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். ‘ஒந்துவாயே’ என்ற சொல் வந்தால், பிறந்ததும் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவச்சியோ அக்கம்பக்கத்தாரோ வீட்டிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி இறந்த குழந்தை ‘பெயரிலி’ என்றே அடக்க ஏட்டில் இருக்கும்.

பெண்ணின் பெயர்

கோயில் ஏட்டிலும் நோட்டரி பத்திரத்திலும் பெண் பிறப்பு முதல் அடக்கம் வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பாள். கியூபெக்கின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சிலவற்றிலும் அப்படியே. ஒரே வீட்டில் வேறு குடும்பப் பெயரோடு ஒரு பெண் இருந்தால் விருந்தாளி என்று நினைத்துவிடாதீர்கள், அவள் மனைவியாக இருக்கலாம். பின்னாளில் அன்றாடப் பேச்சில் ஆங்கில வழக்கம் நுழைந்து, கணவர் பெயரால் அழைப்பது பரவியது. 1981இல் வந்த சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கியூபெக்கில் வாழ்ந்து மணம் முடிக்கும் பெண் கணவரின் பெயரைச் சட்டப் பெயராக எடுத்துக்கொள்ள முடியாது. மொன்றியல் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே விதிதான். பிள்ளைக்குத் தாய் பெயரோ, தந்தை பெயரோ, இரண்டையும் சேர்த்தோ வைக்கலாம். 1981க்குப் பின் பிறந்தவர்களின் கொடிவழி எழுதப்போகிறவருக்கு அது தனித் தலைவலி.

எல்லை தாண்டியவர்கள்

1840 முதல் 1930 வரை ஏறத்தாழ 9 லட்சம் பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலும் நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு: லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட், லூயிஸ்டன். அங்கே பெயர் மொழிபெயர்ந்தது. லப்லான் ஒயிட் ஆனார், புவாவேர் கிரீன்வுட், லெவெக் பிஷப், ருவா கிங், புலான்ஜே பேக்கர். கூர்த்தமான்ஷ் என்பவரை ‘குட்டைச் சட்டைக் கை’ என்று பிரித்து ஷார்ட்ஸ்லீவ்ஸ் ஆக்கியது இந்த வகையில் நம் மனத்துக்கு மிகப் பிடித்தது. வேறு சில ஒலியால் திரிந்தன: பெனுவா பென்வே, அர்ஷாம்போ ஷாம்போ.

இத்தகைய குடும்பத்துக்கு அமெரிக்க அரசுத் தாள்களைவிட அங்கிருந்த பிரெஞ்சுப் பங்குக் கோயில்களின் திருமண ஏடு நல்லது. பங்குத்தந்தையும் கியூபெக்காரர் என்பதால் பெயரைச் சரியாக எழுதுவார், பெற்றோரின் பெயரையும் விடமாட்டார். ரயிலேறி வந்தவர்களைக் கப்பல் பயணியர் பட்டியலில் தேடிப் பயனில்லை. எல்லைப் பதிவு 1895இல்தான் தொடங்குகிறது. 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் குடியேறிய ஆண்டுக்கு ஒரு கட்டம் உண்டு. ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க ஒரு நல்ல கருவி

திருமணப் பதிவில் ‘மூன்றாம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது’ என்ற வரி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். விலக்கு என்பது நெருங்கிய உறவில் மணக்கத் திருச்சபை தரும் அனுமதி. திருச்சபைக் கணக்கில் பொதுவான முன்னோர் வரை எத்தனை தலைமுறை என்று எண்ணுவார்கள். இரண்டாம் படி என்றால் பொதுவான தாத்தா பாட்டி, மூன்று என்றால் பூட்டன் பூட்டி, நான்கு என்றால் அதற்கும் மேலே ஒரு தலைமுறை. ‘மூன்றிலிருந்து நான்கு’ என்றால் ஒரு பக்கம் மூன்று தலைமுறை, மறுபக்கம் நான்கு. இப்போது நீங்கள் வரைந்த மரத்தைப் பாருங்கள். அந்தப் பொதுத் தம்பதி அங்கே இருந்தால் இரு கிளையும் சரியென்பதற்கு வலுவான சாட்சி. இல்லையென்றால் ஏதோ ஒரு படியில் தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். இரத்த உறவு வேறு, மண உறவு வேறு என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது வகை, இறந்த துணையின் உறவுக்காரரை மணப்பதற்கு வாங்கும் விலக்கு. அதில் பொது முன்னோரைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இந்த விலக்குகள் ஏன் இவ்வளவு அதிகம் என்றால், தொடக்கத்தில் ஆட்கள் குறைவு. 1666 கணக்கெடுப்பில் 3,215 பேர்தான். 1634இல் பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து வந்த தச்சர் சக்காரி குளூத்தியேவுக்கு 1800ஆம் ஆண்டுக்குள் 10,850 வழித்தோன்றல்கள் என்று மொன்றியல் ஆய்வு கணக்கிட்டது. உங்கள் மரத்தில் அவர் நான்கு இடத்தில் வந்தால் பிழையில்லை. முன்னோரின் எண்ணை இரண்டால் பெருக்கினால் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய் என்ற சோசா எண்முறையைக் கையாண்டால், ஒரே தம்பதி எந்தெந்த எண்களில் திரும்ப வருகிறார்கள் என்று குழப்பமில்லாமல் குறித்துக்கொள்ளலாம். மரபணுச் சோதனையில் வரும் உறவுக் கணிப்பையும் இதே காரணத்தால் அப்படியே நம்ப முடியாது. பல வழியில் சொந்தமானவர் உண்மையைவிட நெருங்கியவர்போலத் தோன்றுவார்.

பதிவு இல்லாதபோது

நோட்டரி ஏடுகளுக்குப் போங்கள். திருமண ஒப்பந்தம் எழுதுவது அங்கே ஏழைகளுக்கும் வழக்கம். வழக்கமாகத் திருமணத்துக்குச் சில நாள் முன்பு எழுதுவார்கள், எனவே ஒப்பந்தத் தேதியைத் திருமணத் தேதியாகக் குறிக்காதீர்கள். குளூத்தியேவின் மகள் ஆனுக்கும் ரொபேர் துருவேனுக்கும் ஒப்பந்தம் 1636இல், திருமணம் 1637இல். துணையை இழந்தவர்களின் பெற்றோர் பெயர்கூட ஒப்பந்தத்தில் கிடைப்பதுண்டு. இறந்தபின் எடுக்கும் சொத்துப் பட்டியலில் உயிரோடிருக்கும் பிள்ளைகளும் வயதும் வரிசையாக இருக்கும். வயதுவராத பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமிக்கும் பத்திரத்தில் தாய்மாமன், சித்தப்பா, அக்காள் கணவர் என்று உறவு சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைவிடத் தெளிவான சான்று வேறெங்கும் கிடைக்காது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ‘போ-பேர்’ என்ற சொல் மாமனாரையும் குறிக்கும், தாயின் இரண்டாம் கணவரையும் குறிக்கும்.

அகாதியக் குடும்பங்களுக்கு, அதாவது இன்றைய கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களுக்கு, வேறு கணக்கு. ஆங்கிலேயர் 1755இல் தொடங்கிய நாடுகடத்தலில் மக்களோடு ஏடுகளும் சிதறின. போர்-ருவயால் ஏடு 1702 முதல் இருக்கிறது. கிரான்-ப்ரே ஊர் ஏடுகளில் ஒரு பகுதியை அகதிகள் லூயிசியானா வரை சுமந்து போய்க் காப்பாற்றினார்கள். மற்ற இடங்களில் 1671 முதலான கணக்கெடுப்புகளையும், பின்னாளில் கியூபெக் பங்குகளில் வாங்கிய விலக்குகளையும் வைத்துத்தான் உறவைக் கட்ட வேண்டும்.

பிரான்சுக்குத் தாண்டும்போது, குடியேறிய முதல் ஆளின் திருமணப் பதிவிலோ ஒப்பந்தத்திலோ ‘இன்ன பங்கு, இன்ன மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி)’ என்றிருக்கும். 1663க்கும் 1673க்கும் இடையில் அரசர் செலவில் வந்த ஏறத்தாழ 770 பெண்களுக்கும் இந்த வரிதான் பல வேளைகளில் ஒரே தடயம். பிரான்சின் இன்றைய மாவட்டங்கள் 1790இல்தான் உருவானவை. லா ரொஷெல் மறைமாவட்டம் என்று எழுதியிருந்தால் அந்தப் பங்கு இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு அந்த மாவட்ட ஆவணக்காப்பகத்தின் இணையப் பக்கத்தில் ஏட்டைத் திறங்கள். அதற்கும் முன்னால் ‘ஃபிஷியே ஒரிழீன்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பிரான்சில் அவருடைய ஞானஸ்நானப் பதிவை யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்து அங்கே போட்டிருக்கலாம்.